மோதுவித் தரவில் துகளைத் தேடும் மாணவர்: ஒரு கேள்வியும் பல விடைகளும்

பள்ளியின் கடைசி வகுப்பிலோ கல்லூரியின் முதலாண்டிலோ இருக்கும் ஒருவரிடம் துகள் மோதுவியின் உண்மையான தரவைக் கொடுத்து, "இதில் என்ன துகள் உருவானது என்று கண்டுபிடி" என்று கேட்கலாமா? கேட்டால், அவர் செய்வது இயற்பியலா, அல்லது பிறர் செய்து முடித்த இயற்பியலை நடித்துப் பார்ப்பதா? ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக இந்தக் கேள்விக்கு வெவ்வேறு விடைகள் சொல்லப்பட்டு வருகின்றன. ஒவ்வொரு விடைக்கும் பின்னால் ஒரு கருவியின் காலமும் ஓர் ஆய்வு மரபும் உள்ளன. அவற்றை வரிசையாகப் பார்க்கும்போது ஒரு விஷயம் தெளிவாகிறது. 'அடையாளம் காணுதல்' என்ற ஒரே பெயரில் இரண்டு வேறுபட்ட செயல்கள் நடக்கின்றன. பயிற்சிகள் பெரும்பாலும் ஒன்றைக் கற்பித்துவிட்டு மற்றதையும் கற்பித்ததாக எண்ணிக்கொள்கின்றன.

படமும் எண்ணிக்கையும்

அறிவியல் வரலாற்றாசிரியர் பீட்டர் காலிசன் 1997இல் வெளியிட்ட 'இமேஜ் அண்ட் லாஜிக்' என்ற நூலில், துகள் இயற்பியலுக்குள் இரண்டு மரபுகள் இருந்ததைக் காட்டினார். ஒன்று படத்தை நம்பும் மரபு. முகிலறை, புகைப்படக் குழம்பு, குமிழறை ஆகியவை அதன் கருவிகள். தெளிவான ஒரே ஒரு படம் கிடைத்தால் போதும், துகள் இருப்பதாக ஒப்புக்கொள்ளலாம் என்பது அதன் நிலைப்பாடு. 1964இல் புரூக்ஹேவன் குமிழறையில் ஒமேகா மைனஸ் துகள் அப்படித்தான் ஒற்றைப் படத்தால் நிலைநாட்டப்பட்டது. மற்றது எண்ணிக்கையை நம்பும் மரபு. தனி நிகழ்வு எதையும் நிரூபிக்காது, ஆயிரம் நிகழ்வுகளைக் குவித்து அவற்றில் எழும் முகட்டைப் பார்க்க வேண்டும் என்பது அதன் வாதம். 1974 நவம்பரில் சாமுவேல் டிங் குழுவும் பர்ட்டன் ரிக்டர் குழுவும் ஜே/சை துகளை அறிவித்தது 3.1 ஜிஇவி அருகே எழுந்த ஒரு கூரிய முகட்டைக் கொண்டு. (ஜிஇவி என்பது நூறு கோடி எலக்ட்ரான் வோல்ட். துகள் இயற்பியலில் நிறையையும் இதே அலகில் சொல்வது வழக்கம்.)

கற்பித்தலைப் பற்றிய இன்றைய விவாதமும் இந்தப் பிளவின் தொடர்ச்சிதான். படத்திலிருந்து தொடங்குவோர் ஒரு பக்கம், ஹிஸ்டோகிராமிலிருந்து (எந்த மதிப்பில் எத்தனை நிகழ்வு என்று எண்ணிக் காட்டும் வரைபடத்திலிருந்து) தொடங்குவோர் மறுபக்கம்.

பட்டம் பெறாதவர்களாலும் துகளை அடையாளம் காண முடியும் என்பதற்கு மிகப் பழைய சான்று வகுப்பறைக்கு வெளியே கிடைக்கிறது. 1940களில் பிரிஸ்டலில் செசில் பவல் தம் புகைப்படக் குழம்புத் தகடுகளை நுண்ணோக்கியில் ஆராய இளம்பெண்களை வேலைக்கு அமர்த்தினார். அவர்களில் பெரும்பாலோருக்கு இயற்பியல் பட்டம் இல்லை. பையான் மியூவானாகச் சிதைவதைக் காட்டிய முதல் தடத்தை 1947இல் கண்டெடுத்தவர் அவர்களில் ஒருவரான மரியெட்டா கர்ஸ். தடத்தின் தடிமன், முடியும் இடம் ஆகியவற்றைப் பார்க்கக் கண்ணைப் பழக்கினால் போதுமானதாக இருந்தது. மாணவரால் முடியாது என்போர் இந்த வரலாற்றுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். முடியும் என்போரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்தப் பெண்கள் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் பழகியவர்கள்.

கண்ணால் பிரித்தறியும் வழி

பிரிட்டனில் 1997இல் தொடங்கிய மாஸ்டர்கிளாஸ் வகுப்புகள் இந்த வழியின் முதன்மை வடிவம். 2005இல், உலக இயற்பியல் ஆண்டை ஒட்டி, அவை பன்னாட்டு நிகழ்ச்சியாயின. காலையில் விரிவுரை, பிற்பகலில் கணினித் திரையில் நிகழ்வுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து வகைப்படுத்தல், மாலையில் மற்ற நாட்டு மாணவர்களுடன் காணொளி வழியே முடிவுகளை ஒப்பிடல் என்று ஒரே நாளில் நடந்து முடியும் ஏற்பாடு அது. தொடக்கத்தில் ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னின் பழைய மோதுவியான லெப் தந்த தரவு பயன்பட்டது. 2011 முதல் பெரிய ஹாட்ரான் மோதுவியின் (எல்எச்சி) தரவு வந்தது. அட்லஸ், சிஎம்எஸ், ஆலிஸ், எல்எச்சிபி ஆகிய நான்கு ஆய்வுக் குழுக்களும் தத்தமக்கெனப் பயிற்சிகளை வைத்திருக்கின்றன.

இந்த வழியின் பலம் உணர்கருவியின் கட்டமைப்பிலேயே இருக்கிறது. அடுக்கடுக்காக அமைந்த கருவி அது. உள்ளே தடம் பதிக்கும் அடுக்கு. மின்னேற்றம் உள்ள துகள் காந்தப்புலத்தில் வளைந்து செல்லும் பாதை அங்கே பதிவாகும். அடுத்தது மின்காந்தக் கலோரிமீட்டர். எலக்ட்ரானும் ஃபோட்டானும் தம் ஆற்றல் முழுவதையும் அங்கே இழந்துவிடும். அதற்கும் வெளியே ஹாட்ரான் கலோரிமீட்டர். புரோட்டான், பையான் போன்றவை அங்கே நிற்கும். எல்லாவற்றையும் கடந்து வெளி அடுக்குவரை போவது மியூவான். ஆகவே தடமும் மின்காந்தக் கலோரிமீட்டரில் ஆற்றலும் இருந்தால் எலக்ட்ரான். தடமின்றி ஆற்றல் மட்டும் இருந்தால் ஃபோட்டான். வெளியறைகளிலும் தடம் தெரிந்தால் மியூவான். ஒரு பக்கம் மட்டும் உந்தம் குவிந்து எதிர்ப்பக்கம் வெறுமையாக இருந்தால், நியூட்ரினோ தப்பிப் போயிருக்கலாம். இந்தத் தர்க்கத்தைப் பதினாறு வயது மாணவர் ஒரு மணி நேரத்தில் பிடித்துக்கொள்ள முடியும்.

வெறும் வகைப்படுத்தலோடு நின்றால் இது சலிப்பான வேலை. ஆனால் நல்ல பயிற்சிகள் எண்ணிக்கையை ஒரு கேள்விக்கு விடையாக்குகின்றன. லெப் தரவில் இசட் போசானின் சிதைவுகளை எண்ணினால் எலக்ட்ரான் இணை, மியூவான் இணை, டௌ இணை ஆகிய மூன்றும் ஏறத்தாழச் சம அளவில் வரும். குவார்க்குகளாகச் சிதைவது அவற்றில் ஒவ்வொன்றையும்போல் சுமார் இருபது மடங்கு. குவார்க்குகளுக்கு மூன்று 'நிறங்கள்' உண்டு என்று கொண்டால்தான் அந்த விகிதம் பொருந்தும். எல்எச்சி தரவில் நேர்மின் டபிள்யூ போசானையும் எதிர்மின் டபிள்யூ போசானையும் தனித்தனியே எண்ணினால் விகிதம் ஏறத்தாழ 1.4 வரும். புரோட்டானில் இரண்டு 'அப்' குவார்க்கும் ஒரு 'டௌன்' குவார்க்கும் இருப்பதால் 2 வரும் என்று எதிர்பார்க்கும் மாணவர் இங்கே தயங்கி நிற்பார். புரோட்டானுக்குள் கணந்தோறும் தோன்றி மறையும் குவார்க்குக் கடலைப் பற்றிப் பேசுவதற்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. என் மதிப்பீட்டில் மாஸ்டர்கிளாஸ் மரபு தந்தவற்றில் மிகச் சிறந்தது இந்தப் பயிற்சிதான். அதில் ஒரு துகளின் 'கண்டுபிடிப்பு' எதுவும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்த வழியின் குறைகளும் நன்கு தெரிந்தவையே. மாணவர் பார்க்கும் நிகழ்வுகள் முன்கூட்டியே வடிகட்டப்பட்டவை. எல்எச்சியில் புரோட்டான் கொத்துகள் நொடிக்கு சுமார் 4 கோடி முறை எதிர்ப்படுகின்றன. அவற்றில் சில ஆயிரமோ அதற்கும் குறைவோதான் பதிவாகின்றன. பதிவானவற்றிலும் பயிற்சிக்கு ஏற்றவையே திரைக்கு வருகின்றன. திரையில் தெரியும் கோடும் உணர்கருவி எடுத்த படம் இல்லை. கணினி நிரல் புள்ளிகளை இணைத்து வரைந்த பாதை அது. குமிழறைப் படத்தைப் பார்ப்பதாக மாணவர் எண்ணிக்கொண்டால், அந்த எண்ணத்தைத் திருத்த ஒரே நாள் வகுப்பில் நேரம் இருப்பதில்லை.

முகட்டிலிருந்து தொடங்கும் வழி

2014 நவம்பரில் செர்ன் தன் திறந்த தரவுத் தளத்தைத் தொடங்கியது. சிஎம்எஸ் குழு தன் 2010ஆம் ஆண்டுத் தரவை அதில் முதலில் வெளியிட்டது. 2016இல் சுமார் 300 டெராபைட் தரவைச் சேர்த்தது. அட்லஸ் குழுவும் 2016 முதல் கற்பித்தலுக்கென்றே தரவுத் தொகுப்புகளை வெளியிட்டு வந்தது. 2024இல் ஆய்வுக்கான தரவையும் திறந்துவிட்டது. இதன் பிறகு படத்தைப் பார்க்காமலே, எண் அட்டவணையிலிருந்து தொடங்கும் பயிற்சிகள் பெருகின. மாணவர் விரிதாளிலோ ஜூப்பிட்டர் நோட்புக்கிலோ வேலை செய்கிறார். ஃபின்லாந்தில் பள்ளி ஆசிரியர்களே இத்தகைய நோட்புக்குகளை வகுப்புக்குக் கொண்டுவரப் பயிற்சி பெற்றிருக்கிறார்கள்.

இதன் மையத்தில் ஒரே ஒரு கணக்கு. இரண்டு மியூவான்கள் வெளியேறின: ஒன்றின் ஆற்றல் 50 ஜிஇவி, மற்றதன் ஆற்றல் 60 ஜிஇவி, இடைக்கோணம் 114 பாகை. அவை ஒரே தாய்த் துகளிலிருந்து வந்திருந்தால் அதன் நிறை என்ன? 50 + 60 = 110 என்று கூட்டத்தான் முதலில் தோன்றும். ஆனால் ஆற்றல் கூடுவதோடு உந்தமும் திசையோடு கூடுகிறது. அதைக் கழித்தாக வேண்டும். இந்த ஆற்றல்களோடு ஒப்பிட்டால் மியூவானின் சொந்த நிறை மிகச் சிறியது, அதை விட்டுவிடலாம். அப்போது நிறையின் இருபடி என்பது இரு ஆற்றல்களின் பெருக்கலை இரட்டித்து, ஒன்றிலிருந்து கோணத்தின் கொசைனைக் கழித்துக் கிடைப்பதால் பெருக்கினால் வருவது. 6000ஐ 1.407ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 91.9 ஜிஇவி. இசட் போசானின் நிறை 91.2 ஜிஇவி.

அப்படியானால் அது இசட் போசானா? இல்லை என்றும் சொல்ல முடியாது, ஆம் என்றும் சொல்ல முடியாது. இந்த இடத்தில்தான் முகட்டு வழியின் முழு மதிப்பும் தெரிகிறது. ஒரு லட்சம் இணைகளுக்கு இதே கணக்கைச் செய்து ஹிஸ்டோகிராம் வரைந்தால் சரிவான பின்னணியின் மேல் முகடுகள் எழுகின்றன: 1 ஜிஇவிக்கு அருகே ஃபை, 3.1இல் ஜே/சை, 9.5இல் உப்சிலான், 91இல் இசட். துகள் என்பது இங்கே ஒரு நிகழ்வில் இல்லை, கூட்டத்தில் இருக்கிறது. முகட்டுக்குள் விழும் ஒவ்வோர் இணைக்கும், பின்னணியிலிருந்து தற்செயலாக அங்கே வந்து விழுந்திருக்கும் வாய்ப்பு உண்டு.

இன்னும் நுட்பமான ஒரு பாடமும் அதே ஹிஸ்டோகிராமில் கிடைக்கிறது. பெரும்பாலான பயிற்சிகள் அதைத் தொடுவதில்லை. இசட் முகட்டின் அகலத்தில் பெரும்பங்கு இயற்கையுடையது. அந்தத் துகள் அவ்வளவு விரைவாகச் சிதைவதால் அதன் நிறையே சுமார் 2.5 ஜிஇவி அளவுக்குப் பரவியிருக்கிறது. ஜே/சையின் இயற்கை அகலமோ ஒரு மெகா எலக்ட்ரான் வோல்ட்டில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. திரையில் தெரியும் ஜே/சை முகடு அதைவிடப் பல நூறு மடங்கு அகலமாக இருந்தால், அந்த அகலம் கருவி அளக்கும் துல்லியத்தின் எல்லையைக் காட்டுகிறது. பார்ப்பதற்கு ஒரே மாதிரியான இரண்டு குன்றுகள். ஒன்றின் உருவம் துகளைப் பற்றிச் சொல்கிறது, மற்றதன் உருவம் கருவியைப் பற்றிச் சொல்கிறது. இந்த வேறுபாட்டைத் தாமாகக் கேட்கும் மாணவர் பகுப்பாய்வு என்றால் என்ன என்பதைப் புரிந்துகொண்டிருக்கிறார் என்று கொள்ளலாம்.

முகட்டு வழிக்கு எதிராக வைக்கப்படும் குறை இதுதான்: அட்டவணையில் 'மியூவான்' என்று ஏற்கெனவே எழுதியிருக்கிறது. அதை மியூவான் என்று யார் முடிவு செய்தார்கள், எதைக் கொண்டு, எத்தனை முறை தவறியிருப்பார்கள் என்ற கேள்வி மறைந்துபோகிறது. நிரலெழுதப் பழகாத மாணவருக்கு வகுப்பு நேரத்தின் பெரும்பகுதி நிரல் பிழை திருத்துவதிலேயே போய்விடும் என்பது அடுத்த குறை. சில நோட்புக்குகளில் மாணவர் செய்வது பொத்தானை அழுத்துவது மட்டுமே.

ஒரே தடத்துக்கு இரண்டு பெயர்

இரு வழிகளையும் இணைக்கும் முயற்சியாக ஆலிஸ் குழுவின் பயிற்சியைச் சொல்லலாம். விசித்திரத் துகள்களான நடுநிலைக் கேயானும் லாம்டாவும் மின்னேற்றம் இல்லாதவை. தடம் பதிக்காமல் சில சென்டிமீட்டர் பறந்து, பின் இரண்டு எதிரெதிர் மின்னேற்றத் துகள்களாகப் பிரிகின்றன. திரையில் வெற்றிடத்திலிருந்து ஒரு 'வி' வடிவம் தோன்றும். கேயான் என்றால் இரண்டு கிளையும் பையான். லாம்டா என்றால் ஒன்று புரோட்டான், மற்றது பையான்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். நேர்மின் கிளையின் உந்தம் 2 ஜிஇவி, எதிர்மின் கிளையின் உந்தம் 0.4 ஜிஇவி, இடைக்கோணம் சுமார் 17.4 பாகை. நேர்மின் கிளை புரோட்டான் என்று கொண்டால் தாயின் நிறை 1.116 ஜிஇவி, லாம்டாவின் நிறை அதுவேதான். அதே கிளை பையான் என்று கொண்டால் நிறை 0.459 ஜிஇவி, கேயானின் 0.498க்குக் கீழே, ஆனால் வெகுதூரத்தில் இல்லை. அளந்த எண்கள் மாறவில்லை. எதை எதுவாகக் கொண்டோம் என்பது மட்டுமே மாறியது. கருவி அளப்பது உந்தத்தை; நிறை நம் ஊகத்தின் வழியே கணக்குக்குள் நுழைகிறது. ஊகத்தைச் சரிபார்க்க வேறொரு சான்று வேண்டும்: வாயுவில் துகள் ஆற்றலை இழக்கும் வீதம், பறக்க எடுத்த நேரம், செரன்கோவ் ஒளி போன்று வேகத்தைச் சொல்லும் ஏதாவது ஒன்று. உந்தமும் வேகமும் சேர்ந்தால்தான் நிறை கிடைக்கும், நிறை கிடைத்தால்தான் பெயர் வைக்க முடியும்.

நான் தொடக்கத்தில் சொன்ன இரண்டு செயல்களும் இங்கே ஒரே மேசையில் சந்திக்கின்றன. நீண்டநேரம் வாழும் துகளை (எலக்ட்ரான், மியூவான், பையான், புரோட்டான்) அது விட்டுச்செல்லும் சான்றால் அறிவது ஒரு செயல். பிறந்த இடத்திலேயோ சற்றுத் தள்ளியோ சிதைந்துவிடும் துகளை (இசட், ஹிக்ஸ், லாம்டா) அதன் எச்சங்களின் கூட்டத்திலிருந்து ஊகிப்பது இன்னொன்று. முதலாவதில் நேரும் பிழை இரண்டாவதில் பின்னணியாகச் சேர்கிறது. இந்தத் தொடர்பைக் காட்டாமல் இரண்டில் எதைக் கற்பித்தாலும் பாடம் பாதியில் நிற்கும்.

இயந்திரக் கற்றல்

2014இல் அட்லஸ் குழுவினர் காகிள் என்ற தரவு அறிவியல் போட்டித் தளத்தில் ஹிக்ஸ் போட்டி ஒன்றை நடத்தினர். ஹிக்ஸ் போசான் இரண்டு டௌக்களாகச் சிதைவதைப் பின்னணியிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். 1785 அணிகள் கலந்துகொண்டன. இயற்பியல் அறியாதோரும் மோதுவித் தரவில் சாதிக்க முடியும் என்ற நம்பிக்கையை அது வலுப்படுத்தியது. அதன்பின் இயந்திரக் கற்றலை முதல் பாடமாக வைக்கும் பயிற்சிகளும் தோன்றின. ஆய்வாளர்கள் இன்று உண்மையில் பயன்படுத்துவது இந்த முறைகளைத்தான் என்பது அவற்றை வடிவமைப்போரின் வலுவான வாதம்.

ஆனால் அந்தப் போட்டியின் தரவு கணினியில் உருவாக்கிய பாவனைத் தரவு. பயிற்சிக்கான ஒவ்வொரு நிகழ்வுக்கும் 'குறிப்பலை' அல்லது 'பின்னணி' என்ற முத்திரை இருந்தது. உண்மைத் தரவில் எந்த நிகழ்வுக்கும் முத்திரை கிடையாது. பாவனைக்கும் இயற்கைக்கும் உள்ள இடைவெளியை அளப்பதற்கே ஆய்வாளர்கள் பெரும் உழைப்பைச் செலவிடுகிறார்கள். அந்தப் பகுதியை விட்டுவிட்டு வகைப்படுத்தியை மட்டும் பயிற்றுவித்தால், மாணவர் கற்பது நல்ல கணினியியல். துகளை அடையாளம் காணும் கலை எவ்வளவு கற்றார் என்பது ஐயத்துக்குரியது.

கருவியைத் தொட்டவர் சொல்வது

நான்காவது தரப்பு எண்ணிக்கையில் சிறியது. யாரோ அளந்த தரவைப் பகுப்பதைவிட, சிறியதாயினும் தானே அளப்பது மேல் என்பது அவர்கள் வாதம். செர்னின் 'பீம்லைன் ஃபார் ஸ்கூல்ஸ்' போட்டி 2014 முதல் பள்ளி அணிகளுக்கு உண்மையான துகள் கற்றையைத் தருகிறது. செர்ன் முடுக்கிகள் பராமரிப்புக்காக நின்றிருந்த காலத்தில் ஜெர்மனியின் டெசி ஆய்வகம் இடம் கொடுத்தது. 1999இல் அமெரிக்காவில் தொடங்கிய குவார்க்நெட், ஆசிரியர்களை முன்னிறுத்தி, காஸ்மிக் கதிர் உணர்கருவிகளைப் பள்ளிகளுக்குக் கொண்டுசென்றது. மின்னழுத்தத்தைக் கூட்டினால் எண்ணிக்கை ஏறுவதையும், அந்த ஏற்றத்தில் இரைச்சல் எவ்வளவு என்பதையும் கண்முன் கண்டவருக்குப் 'பின்னணி' என்பது விளக்கம் தேவைப்படாத அனுபவம். குறை வெளிப்படையானது: கற்றை கிடைக்கும் அணிகள் ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணக்கூடியவை.

பொய்யான முகடுகள்

நான்கு தரப்பும் பொதுவாகத் தவிர்க்கும் ஒன்று உண்டு: தவறிய அடையாளங்கள். 1976இல் ஃபெர்மிலாபில் லியோன் லெடர்மன் குழு 6 ஜிஇவி அருகே ஒரு முகட்டைப் பார்த்துப் புதுத் துகள் என்று அறிவித்தது; கூடுதல் தரவு வந்ததும் முகடு கரைந்தது. அடுத்த ஆண்டே அக்குழு 9.5 ஜிஇவியில் உண்மையான உப்சிலானைக் கண்டது. 2003இல் பல ஆய்வகங்கள் 1.54 ஜிஇவியில் பென்டாகுவார்க் துகளைக் கண்டதாக அறிவித்தன; பின்னர் நடந்த துல்லியமான தேடல்களில் அது கிடைக்கவில்லை. 2015 டிசம்பரில் அட்லஸ், சிஎம்எஸ் இரண்டுமே ஃபோட்டான் இணைகளில் 750 ஜிஇவி அருகே ஒரு மேட்டைக் காட்டின. அதை விளக்க நூற்றுக்கணக்கான கோட்பாட்டுக் கட்டுரைகள் எழுதப்பட்டன. 2016 ஆகஸ்டில் அது இல்லையென்றாயிற்று.

2012 ஜூலை 4 அன்று ஹிக்ஸ் அறிவிக்கப்பட்டபோது ஐந்து சிக்மா (தற்செயல் ஏற்ற இறக்கம் என்று எளிதில் ஒதுக்க முடியாத அளவு) என்ற வாசல் ஏன் தேவைப்பட்டது என்பதை இந்த வரலாறு இல்லாமல் மாணவருக்கு விளக்குவது கடினம். பயிற்சிகளின் தரவிலோ முகடு எப்போதும் உண்மையானது. தேடினால் கிடைக்கும், கிடைத்தால் சரி. அட்லஸின் ஒரு பயிற்சி, இயற்கையில் இதுவரை காணப்படாத கனமான துகள் ஒன்றின் பாவனை நிகழ்வுகளை உண்மைத் தரவோடு கலந்து வைத்தது. அது மதிக்கத்தக்க தொடக்கம். எதுவும் கிடைக்காத தரவைக் கொடுத்து, 'கிடைக்கவில்லை' என்று எழுத வைக்கும் பயிற்சி அதைவிட ஒரு படி மேலாக இருக்கும். அது மாணவரைச் சோர்வடையச் செய்யும் என்ற எதிர்வாதத்தைப் புறக்கணிக்க இயலாது. ஆயினும் எல்எச்சியின் ஆய்வறிக்கைகளில் கணிசமான பகுதி இன்றும் அவ்வகைக் 'கிடைக்கவில்லை' என்ற முடிவுகளே. அந்த வேலையின் இயல்பை மறைத்து ஆர்வத்தை வளர்ப்பது நீடிக்காது என்றே தோன்றுகிறது.

தீராதவை

ஒரு நாள் வகுப்பு ஆர்வத்தைத் தூண்டுகிறது என்பதை நடத்துவோரும் பங்கேற்போரும் தொடர்ந்து சொல்லிவருகிறார்கள். அதை நம்பத் தடையில்லை. ஆனால் ஆர்வமும் புரிதலும் ஒன்றல்ல. மாஸ்டர்கிளாஸ் முடித்த மாணவர் சில மாதங்கள் கழித்து, தாம் அறியாத ஒரு ஹிஸ்டோகிராமைப் பார்த்து முகட்டையும் பின்னணியையும் பிரித்துப் பேசுவாரா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு நிறைவுக் கணக்கெடுப்புத் தாள்கள் விடை தர முடியாது.

வரிசை பற்றிய கேள்வியும் முடிவாகவில்லை. படத்தில் தொடங்கி எண்ணுக்குப் போவது, எண்ணில் தொடங்கிப் படத்தால் சரிபார்ப்பது என்ற இரண்டுக்கும் நியாயம் உண்டு. ஒரே நாள் மட்டுமே கிடைத்தால் படத்தில் தொடங்குவது பொருத்தம். ஒரு பருவம் கிடைத்தால் 'வி' வடிவத்தில் தொடங்கி, ஊகத்தை மாற்றி மாற்றிக் கணக்கிட்டு, ஒரு லட்சம் நிகழ்வுக்கு விரிந்து, கடைசியில் வகைப்படுத்தியைத் தொடுவது இயலும். இது என் சாய்வு. நிறுவப்பட்ட முடிவாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கருவியின் போக்கு இந்த விவாதத்தைக் காத்திருக்க விடாது. எல்எச்சியின் ஒளிர்வு (மோதல்களின் செறிவு) உயர்த்தப்படும் அடுத்த கட்டத்தில், கொத்துகள் ஒருமுறை எதிர்ப்படும்போது 140 முதல் 200 மோதல்கள்வரை ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிவாகும் என்று திட்டமிட்டிருக்கிறார்கள். அந்த நிகழ்வைத் திரையில் வரைந்தால் ஆயிரக்கணக்கான தடங்கள் பின்னிக் கிடக்கும். பயிற்சி பெற்ற ஆய்வாளரின் கண்ணாலும் அதைப் படிக்க இயலாது. படத்திலிருந்து தொடங்கும் வகுப்புகள் அப்போது என்ன செய்யும், 2010களின் தெளிவான நிகழ்வுகளையே பாடநூல் தரவாகத் தொடர்ந்து வைத்துக்கொள்ளுமா, அல்லது தடத்தைத் தேர்ந்தெடுக்கும் நிரலையே மாணவர் கையில் கொடுக்குமா என்பது இப்போது செர்னிலும் பிற ஆய்வகங்களிலும் பயிற்சிகளை வடிவமைப்போர் முடிவு செய்ய வேண்டியது.